கடைசி ரீலுக்கு முன்னால்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் சம்பத் எந்தப் படத்தையும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எழுந்து வேட்டியை உதறுவார். சைக்கிள் எடுக்கக் கூட்டமாகிவிடும் என்பார். பஸ்ஸில் வந்த நாளிலும் அதைத்தான் சொல்வார்.

அவசரக்காரர் என்றுதான் காஞ்சனா முதலில் நினைத்திருந்தாள். காரணம் வேறு என்று பிற்பாடு தெரிய வந்தது. தெரிந்துவிட்டது என்று அவரிடம் காட்டிக்கொள்ளத்தான் முடியவில்லை. ஏனென்றால் அதை அவளுக்குச் சொன்னவள் மஞ்சு.

மஞ்சு, சம்பத்தின் ஒரே தங்கை. சித்தூர் வீட்டில் அந்தப் பெயரை யாராவது எடுத்தால் அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார் என்பது இந்தத் தொடரை இத்தனை வாரமாகப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

நகரியில் விசைத்தறி ஓட்டிப் பிழைத்த குடும்பம். மஞ்சுவுக்கு ஐந்து வயதாகும்போது அம்மா போய்விட்டாள். ஏழு வயது மூத்தவனான சம்பத்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவன். அப்படி வளர்ந்த பெண் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், வேறு ஜாதி, தெலுங்குக்காரப் பையன் பிரபாகரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு காளஹஸ்திக்குப் போய்விட்டாள். நாலே மாதத்தில், அவர்கள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா வீராசாமி படுக்கையில் விழுந்து எழாமலே போனார். செய்தி கேட்டு ஓடிவந்தவளைச் சம்பத் வாசல் தாண்ட விடவில்லை. அவள்தான் கொன்றாள் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். காலை பத்து மணிக்கு வந்தவள் பிணம் எடுக்கும்வரை தெருவில் நின்றாள். நைனா முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பூஜைக்கென்று பக்கத்து வீட்டுப் பெண்களோடு காளஹஸ்தி கோயிலுக்குப் போன காஞ்சனா, பிராகாரத்தில் மஞ்சுவை நேருக்கு நேர் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் அதுவே வெள்ளிக்கிழமைதோறும் போன் என்றாகிவிட்டது. காஞ்சனாவின் போனில் மஞ்சுவின் பெயர் 'பலமனேர் ரத்தினம்மா'. கேட்டால், தக்காளி மண்டியில் பழக்கமான அம்மா என்பாள். அந்த ரத்தினம்மாவுக்கு முட்டிவலி தேவலையா என்று சம்பத்தே ஒருதரம் விசாரித்தார். காஞ்சனாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கல்யாண நாள். மகள் தரணி திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். புதுப் படம் ஒன்றின் பதினோரு மணி ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டு, மறுபேச்சு பேசாமல் வாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டாள். பங்காருபாளையம் பக்கத்து மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சம்பத் சூப்பர்வைசர். சீசன் முடிந்து ஆலை ஓய்ந்திருந்த நேரம். சாக்குச் சொல்ல அவருக்கும் வழியில்லை.

சித்தூரில் பஸ் ஏறும்போதே நல்ல மனநிலையில் இருந்தார். பெண்களுக்கெல்லாம் இலவசம் என்று கண்டக்டர் காஞ்சனாவுக்குச் சும்மா டிக்கெட் கிழித்துக் கொடுத்ததும், கல்யாண நாளைக்கு அரசாங்கமே உனக்கு மொய் வைக்கிறது என்று சிரித்தார். சந்திரகிரி தாண்டும்போது தூறல் போட்டது. ஜன்னலை அவரே இறக்கிவிட்டார்.

தியேட்டர் உள்ளே ஏசி குளிர். சம்பத் துண்டைக் காது மறையச் சுற்றிக்கொண்டு, சாய்ந்த நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்தார். மகள் வாங்கி வந்த பாப்கார்ன் வாளியைப் பார்த்துவிட்டு, இதை நகரியில் ஒரு தெருவே துன்னும் என்றார்.

படம் கடலோர ஊர்க் கதை. மூன்று பிள்ளை பெற்ற ஒரு தாய். கடைசிப் பெண் வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் வாழப் போய்விடுகிறாள். முதல் பாதி முழுக்கச் சிரிப்பும் பாட்டும். இடைவேளைக்கு அப்புறம் தாய்க்கு உடம்பு சுகமில்லாமல் போனது. எதிர்பார்த்தபடியே, கதை ஒரு முடிவை நோக்கித் திரும்பின இடத்தில் சம்பத் எழுந்தார்.

"போலாமா, கூட்டமாயிடும்."

"உக்காரு நைனா," என்று தரணி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். விடவும் இல்லை.

அவர் உட்கார்ந்தார்.

தாய் செத்துப் போனாள். மழையில் நனைந்தபடி கடைசிப் பெண் வந்தாள். அண்ணன்கள் கேட்டைச் சாத்தினார்கள். அவள் கத்தவில்லை, அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். பந்தலில் யார் யாரோ போனார்கள், வந்தார்கள். காபி கொடுத்தார்கள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பின்னணியில் பாட்டு இல்லை, மழைச் சத்தம் மட்டும்தான். தியேட்டரில் பாப்கார்ன் கொறிக்கிற சத்தம்கூட நின்றுபோனது.

காஞ்சனாவுக்குத் திரையைப் பார்க்க முடியவில்லை. குனிந்துகொண்டாள். அப்போதுதான் பக்கத்தில் ஒரு விசும்பல் கேட்டது. திரும்பினாள். சம்பத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, அழுதுகொண்டிருந்தார்.

அவள் அவர் அழுது பார்த்ததே கிடையாது. நைனா போனபோது அழவில்லை. ஃபேக்டரி மெஷினில் இரண்டு விரல் நசுங்கியபோது அழவில்லை. டீவியில் யாராவது அழுதால், எல்லாம் கிளிசரின் என்று சேனலை மாற்றுகிற மனிதர். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். காஞ்சனா தன் முந்தானையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதைப் பற்றிக்கொண்டார். விளக்கு போட்டு, துடைப்பத்தோடு ஆட்கள் உள்ளே வந்த பிறகும் மூன்று பேரும் எழவில்லை.

சாப்பிடப் போன மெஸ்ஸில் சம்பத் கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு முகத்தை அடித்து அடித்துக் கழுவுவது இங்கிருந்தே தெரிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் தரணி அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமையே அவள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். கூட்டிக்கொண்டு போனது அத்தையை. மஞ்சுவை.

"அத்தையும் அதே எடத்துல தாம்மா அழுதாங்க. நைனா அழுவாரான்னு பாக்கணும்னுதான் இட்டாந்தேன்."

காஞ்சனாவுக்கு மகளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அப்பா, அத்தை இரண்டு பேரையும் வைத்து இந்தப் பெண் பரிசோதனை செய்திருக்கிறாள், தன் லேபில் செய்கிற மாதிரி. அதற்குள் சம்பத் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, சம்பந்தமில்லாமல், நகரி தியேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அம்மா போன மறு வருஷம், தங்கையை ஒரு படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். தங்கை என்றுதான் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. அந்தப் படத்தில் கதாநாயகி கடைசியில் செத்துப் போகிறாள். ஆறு வயதுக் குழந்தைக்கு அன்று வந்த காய்ச்சல் மூன்று நாள் இறங்கவில்லை. அவங்க ஏன் செத்தாங்க, அவங்க ஏன் செத்தாங்க என்று அதே பேச்சு. அவள் கேட்டது சினிமாக்காரியைப் பற்றி அல்ல என்று பதின்மூன்று வயதுப் பையனுக்குப் புரிந்தது.

அதிலிருந்து ஒரு வழி செய்தார். வெள்ளிக்கிழமை தறிக்குப் பாவு நூல் சுமந்த கூலியில் தரை டிக்கெட் எடுத்துத் தான் மட்டும் போய்ப் படத்தைப் பார்த்துவிடுவார். எந்த இடத்தில் சோகம் ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தங்கையைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவார். மணல் தரையில் உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்தில் முறுக்கு, இடைவேளையில் ஒரு கலர் பாட்டிலை இரண்டு பேரும் மாற்றி மாற்றி. அந்த இடம் வரும் சமயம் பார்த்து, சைக்கிள் எடுக்கக் கூட்டமாயிடும் என்று கிளப்பிவிடுவார்.

"அப்பால கதை இன்னா ஆச்சுன்னு வழி பூரா கேட்டுக்கினே வருவா. நானா ஒண்ணு கட்டிவுடுவேன். குண்டு தோள்ல உரசிக்கினு போயிடுச்சி, டாக்டர் வந்து காப்பாத்திட்டாரு, ரெண்டு பேரும் புத்தூர்ல வளையல் கடை வெச்சிக்கினாங்கன்னு."

புத்தூரில் எந்தத் தெருவில் கடை என்று கேட்பாளாம். அதையும் சொல்ல வேண்டும். கடைக்கு என்ன பெயர், எத்தனை பிள்ளைகள், எல்லாம் சொல்ல வேண்டும். தெரு முழுக்கத் தறிச் சத்தம், அதைத் தாண்டிக் கேட்கும்படி உரக்கக் கத்திக் கதை சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதிப்பாராம். சொல்லும்போது சம்பத்தின் முகம், சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. தரணி சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்தப் படத்துலயும் யாரும் சாவலன்னே நம்பிக்கினு கெடந்தா," என்றார். "இன்னிக்கி வரைக்கும் அப்படியேதான் நம்பிக்கினு இருப்பா."

காஞ்சனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும், அவருக்குத் தெரியாத மிச்சமும் தெரியும். மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே, பக்கத்துப் பெஞ்சுப் பெண் ஒருத்தி எல்லாப் படத்தின் முடிவையும் மஞ்சுவிடம் போட்டு உடைத்துவிட்டாள். மஞ்சு அண்ணனிடம் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் சொல்கிற முடிவுதான் நன்றாக இருக்கும் அண்ணி, அதைக் கேட்கத்தான் நான் படத்துக்கே போவேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தாள். அண்ணன் ஏமாற்றுவதாக நினைத்தார், தங்கை ஏமாறுவதாக நடித்தாள். இரண்டு பேருக்கும் அது தேவைப்பட்டது.

இதைச் சொல்ல வேண்டும் என்று காஞ்சனாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். சித்தூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகாமல் சம்பத் நடுவிலேயே நின்றுவிட்டார். காளஹஸ்தி பஸ்கள் நிற்கிற பக்கம் கண்டக்டர் ஒருவர், "காளஹஸ்தி, ஏர்ப்பேடு, எக்கண்டி எக்கண்டி" என்று ஏறச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பத் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"அவ எந்தத் தெருன்னு யாருக்குத் தெரியும்," என்றார் தனக்குத்தானே.

காஞ்சனா அப்போதுதான் பேசினாள்.

"எனக்குத் தெரியும்ங்க."

அவர் திரும்பினார்.

"பலமனேர் ரத்தினம்மான்னு யாரும் இல்லீங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் பேசறது மஞ்சுகிட்ட. பன்னெண்டு வருஷமா."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். கோயிலில் பார்த்தது, பேசினது, மகளை அங்கே அனுப்பினது. இந்த வேலைக்காகத் திருப்பதி வந்த நாளிலிருந்து தரணி மாதத்தில் இரண்டு ஞாயிறு அத்தை வீட்டில்தான் சாப்பிடுகிறாள் என்பதையும் மறைக்கவில்லை. சம்பத் மகளைப் பார்த்தார். தரணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கத்துவார் என்று காஞ்சனா எதிர்பார்த்தாள். கத்தவில்லை. பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிகீது," என்றார். "நான் ஒருத்தன்தான் வாயக் கட்டிக்கினு கெடந்தேன்."

அப்புறம், அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். காஞ்சனா பெரிய விஷயம் எதையும் சொல்லவில்லை. அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறாள், தலை பாதி நரைத்துவிட்டது, சாயம் போடுவதில்லை, பிரபாகர் மின்சார இலாகாவில் வேலை, நல்ல மனிதர், ஒரே பெண், பெங்களூரில் படிக்கிறாள் என்றாள்.

"பேரு?"

"அலர்மேல்மங்கை."

சம்பத் தலையைத் தூக்கினார். அது அவருடைய அம்மாவின் பெயர். மகள் பிறந்தபோது அந்தப் பெயரை வைக்க அவருக்குத்தான் ஆசை. நைனா அப்போது உயிரோடிருந்தார்; மனைவி பெயரைச் சொல்லிப் பேத்தியைக் கூப்பிட முடியாமல் தவிப்பாரே என்று தரணி என்று வைத்தார்கள். விரட்டப்பட்டவள் அதை எடுத்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

அவர் எழுந்தார். தெரு, வீட்டு அடையாளம் இரண்டையும் கேட்டுக்கொண்டார். கூட வருகிறோம் என்று அவர்கள் பையை எடுத்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க போய்க்கினு வந்துகினுதானே கீறீங்க. நான்தான் போவணும்."

காளஹஸ்தி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் இவர்கள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கோபம் இருக்கத்தான் செய்தது.

பஸ் மறைந்ததும் காஞ்சனா மஞ்சுவுக்குப் போன் போட்டாள். அண்ணன் வந்துகொண்டிருக்கிறார் என்றாள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. ஏன் திடீரென்று என்று மஞ்சு கேட்டாள். படத்துக்குப் போனோம், அழுதுவிட்டார் என்றாள் காஞ்சனா.

"எந்த எடத்துல?"

"அந்தக் கேட்டு சாத்தற எடத்துல."

லைன் கட்டாகிவிட்டதோ என்று காஞ்சனா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தபோது குரல் வந்தது. கோபமான குரல் இல்லை. மெல்லத்தான் கேட்டாள்.

"அண்ணி, அன்னிக்கு நீங்க வாசப்படிலதானே நின்னுக்கினு இருந்தீங்க, புள்ளய இடுப்புல வெச்சிக்கினு. அண்ணன் ஆம்பள, கோவத்துல பண்ணாரு. நீங்க என்னைப் பாத்தீங்க. ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

பன்னிரண்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருநாளும் கேட்காத கேள்வி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதைத்தான் கேட்பாளோ என்று பயந்துகொண்டே காஞ்சனா போனை எடுத்திருக்கிறாள். கேட்கவில்லை என்றதும், மறந்துவிட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது பதில் தேடினால், இருபத்தி நாலு வயதில் புருஷன் வீட்டில் நாலு பேர் நடுவே வாய் திறக்கப் பயந்த ஒரு பெண்தான் கிடைத்தாள். அதைப் பதில் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாயிருந்தது.

"மஞ்சு..." என்றாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். திரும்பப் போட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சம்பத்துக்குப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

வேண்டாம்மா, நைனா தனியாகத்தானே போக ஆசைப்பட்டார் என்று தரணி தயங்கினாள். காஞ்சனா கேட்கவில்லை. அங்கே போய் நிற்க வேண்டியவர் அவர் மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த காளஹஸ்தி பஸ்ஸில் ஏறினாள். மகள் பின்னாலேயே ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சுவிடம் என்ன சொல்வது என்று காஞ்சனா மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை.

ஏர்ப்பேடு தாண்டும்போது போன் அடித்தது. சம்பத்.

வந்து சேர்ந்துவிட்டேன் என்றார். வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டம்மாவிடம் விசாரித்தாராம். பிரபாகர் டியூட்டிக்குப் போயிருக்கிறார். டீச்சரம்மா கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் கதவைப் பூட்டிக்கொண்டு, கையில் ஒரு பையோடு திருப்பதி பஸ் ஏறிப் போனார்களாம். எங்கே என்று சொல்லவில்லை.

காஞ்சனா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்ப்பக்கம் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. எதில் மஞ்சு இருக்கிறாள், தங்களைத் தேடி வருகிறாளா, அண்ணனிடமிருந்து ஓடுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க திரும்பி வந்துருங்க," என்றாள். "நாங்க வழியிலதான் கீறோம். அப்பால பாத்துக்கலாம்."

"இல்ல காஞ்சனா," என்றார் சம்பத். தியேட்டரில் கேட்ட குரல் இல்லை இது. நிதானமாக இருந்தது. "நான் இங்கியே தெருவுல நின்னுக்கினு கீறேன். உக்காரச் சொல்லி பக்கத்து வீட்டம்மா சேர் போட்டாங்க, வேணாம்னுட்டேன். அவ வர வரைக்கும் நிப்பேன்."